ஜால்ரா எங்கே என்று கேட்டார் உன் அப்பா

தம்பி, இந்தக் கடிதத்தை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரிக்காதே. உட்கார்ந்து படி. உடனே பதறவும் வேண்டாம், யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. இன்று நேற்று வந்ததில்லையாம். நான் அவரைக் கட்டிக்கொண்டு முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்த காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்து, ஒரே பாயில் படுத்து, எனக்கே தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? வெளியே சொன்னால் வாயால் சிரிக்கமாட்டார்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் யாரிடம் என்ன பேசினாலும் அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் பார்த்தார் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

அந்த ஆம்ப்ளிஃபயர் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. பழைய பெட்டி வீட்டுக்கு வந்தபோது நீ பால்பல் விழாத பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பக்கத்துத் தெரு சொல்தா, வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு மகளோடு பிரான்சுக்கே திரும்பிப் போனபோது அதை உன் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். ஜப்பான்காரன் செய்தது. வெள்ளி முகப்பு, மரக் கூடு, உள்ளே மஞ்சள் விளக்கு, பாட்டுக்குத் தக்கபடி ஆடுகிற இரண்டு முள். மில்லில் கூட வேலை பார்த்த கலியபெருமாள் மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து வைத்தார்கள், அலமாரிப் பலகை முறிந்துவிட்டது. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஸ்பீக்கர் பெட்டி அடித்து வாங்கினார். அன்றைக்கு ஆரம்பித்த கூத்து. ஞாயிற்றுக்கிழமை காலையானால் மில் சிநேகிதர்கள் எல்லாரும் கூடத்தில் ஆஜர். எனக்குக் காபி போட்டே கை ஓயும். பாட்டு ஆரம்பித்தால் நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்தப் பெட்டியிலிருந்து வருகிற சத்தம் என் பல்லுக்குள் ஊசி போட்டுக் குத்தும். தலைவலி வரும். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, அதனால்தான் பொறுக்கவில்லை என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு நீ பிரான்சுக்குப் போய் லியோனில் சம்பாதிக்க ஆரம்பித்து, போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் அந்தப் புது ஆம்ப்ளிஃபயரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாய். துணிப் பெட்டியில் கூடப் போடாமல் விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாய். ஒரு டிபன் தட்டு அகலம்தான் இருந்தது. முன்பக்கத்தில் ஒரே ஒரு திருகு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கனத்த சத்தத்தைக் கூட்டுகிற பாஸ் எங்கே, கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் எங்கே என்று கேட்டார். நீ ஆசையாக விளக்கினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் அதெல்லாம் வைக்கமாட்டார்கள், ரெக்கார்டில் பாடினது பாடினபடியே வரும், நடுவில் யாரும் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்றாய். சமையலில் உப்பு போடாமல் இறக்கிவிட்டு அதுதான் சுத்தம் என்று சொல்வது போல இருக்கிறது என்றார் அப்பா. சரி, இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று நீதான் பந்தயம் கட்டினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தீர்ப்புச் சொல்ல அப்பா கூட்டிவந்தது கலியபெருமாள் மாமாவையும் இன்னும் மூன்று சிநேகிதர்களையும். நீ இரண்டு பெட்டியையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி இணைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் முன்னால் போர்வையைத் தொங்கவிட்டாய். அதே பஜனை ரெக்கார்டு. பழைய பெட்டி பாடினபோது எல்லாரும் தொடையைத் தட்டினார்கள். புதுசு பாடினபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மிருதங்கம் இருக்குது. ஜால்ரா எங்கடா?" என்றார் உன் அப்பா. கலியபெருமாள் மாமாவும் ஜால்ராவைக் காணவில்லை என்றார். ஒருத்தர் காதில் பஞ்சை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் அதே தீர்ப்பு. ஐந்து பேரும் ஒரே குரலில் பழையதுதான் என்றார்கள். அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஜால்ரா கேட்டது, தம்பி! கோயிலில் பக்கத்தில் நின்றால் கேட்கிற மாதிரி, கணீரென்று, காதை அறுக்காமல் கேட்டது. முதல் தடவையாக நான் கதவைச் சாத்தாமல் இருந்தேன். ஆனால் அடுப்படியில் நிற்கிறவளிடம் யார் தீர்ப்புக் கேட்டார்கள்? நானும் வாயைத் திறக்கவில்லை.

நீ தோற்றுப்போனாய். அவர்கள் சிரித்த சிரிப்பில் உனக்கு ரோஷம் வந்தது. "உங்களுக்குக் காது செத்துப்போச்சுப்பா, அதான்" என்று சொல்லிவிட்டாய். சிநேகிதர்கள் முன்னால், அதுவும் பாட்டு கேட்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இருக்கிற மனுஷனிடம்.  அப்பா புதுப் பெட்டியை எடுத்து அதன் அட்டையில் போட்டு பீரோ மேல் வைத்தார். நீ ஊருக்குப் போன பிறகு, அவன் நல்லது கெட்டது எதற்கும் நான் வரமாட்டேன், கல்யாணமே ஆனாலும் சரி என்று என்னிடம் சொன்னார். நான் உன்னைப் போனில் பிடித்துத் திட்டினேன். பெற்ற அப்பனை அப்படிப் பேசுவாயா, முதலில் மன்னிப்புக் கேள் என்று உயிரை எடுத்தேன். நீயும் கேட்டாய். நான் ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலே சொல்லவில்லை. "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு உன் குரல் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டும் மதிக்காத மனுஷனை எதற்கு அழைக்க வேண்டும், கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறோம், நீ மட்டும் வா என்றாய். எத்தனை நாள் தலையணை நனைந்தது என்று உனக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

இப்போது நடந்ததைக் கேள். கார்த்திகை மழையில் ஒரு நாள், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டு ஜெனரேட்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நான் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தேன். கால் பிசகிவிட்டது. கூடத்தில் நாற்காலியில் இருந்தவரைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அது எனக்குக் கேட்கிறது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் பொங்கிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அவர் பக்கத்தில் போய் நின்று, "ஏங்க, நான் விழுந்துட்டேன், கால் பெசகிடுச்சு, கூப்பிட்டா வரமாட்டீங்களா?" என்று அழுதேன். இருட்டில் ஒரு கை தூரம்தான் இருக்கும். அவர் நிதானமாக, "கரண்ட் எப்ப வரும்னு தெரியலயே" என்றார்.  இந்த மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு கல்நெஞ்சா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் வந்தது. விளக்கு எரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். நாற்காலி விழுகிற மாதிரி எழுந்து வந்து, "இன்னாச்சு? ஏன் அழுவுற? காலு இன்னாச்சு?" என்று பதறினார். அந்தப் பதற்றம் பொய்யில்லை. அப்படியானால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருட்டில் இருந்தது யார்?

எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "உங்க ஆம்ப்ளிஃபயர தெருவுல தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அந்தப் பெட்டியில் தூசி தட்டினாலே சண்டைக்கு வருகிறவர், பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முன்னால் போய், முந்தானையை எடுத்துவிட்டு, குரலே வராமல் உதட்டை மட்டும் அசைத்து அதையே சொன்னேன். "ஏண்டி, பைத்தியமா உனக்கு?" என்று துள்ளி எழுந்து அலமாரிப் பக்கம் ஓடினார். பெட்டி இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்துத் திரும்பியவரிடம், இதையே முதலில் பின்னால் நின்று சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லையே என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. திருட்டுப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். மில் தறிக்கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது பழகிவிடும், பழகாதவனுக்கு அங்கே வேலையில்லை என்றார். வெளியே வந்த பிறகும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது, அது காது போனதால் என்று எனக்கே தெரியாதே என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது கை தூக்கச் சொன்னார். நான் வெளியே நின்று பார்க்கிறேன், முதலில் கை தூக்கினார், பிறகு டாக்டரம்மா பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தும் தூக்கவே இல்லை. எந்தச் சத்தமும் வராதது போல எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயோ, கையைத் தூக்குங்களேன் என்று நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தவித்தேன். டாக்டரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். நேராகப் போகிற கோடு ஓரிடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. கனமான சத்தம் கேட்கும், ஜால்ரா மாதிரி மெல்லிசான கூர்மையான சத்தம் கேட்காது, ஆள் பேசுகிறது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பாதிக்கு மேல் பிடிபடாது என்றார். எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டார். தறி என்றதும் தலையை ஆட்டினார். பாட்டு கேட்பாரா என்றார். நான் அந்தச் சண்டை முழுவதையும் கொட்டினேன். பழைய பெட்டியில் ட்ரெபிள் திருகு எங்கே இருக்கும் என்று கேட்டார். கடைசி வரைக்கும் திருகியே இருக்கும் என்றார் அப்பா. அதுதான், உங்கள் காதில் குறைந்ததை அந்தத் திருகில் கூட்டிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள், புதுசில் திருகு இல்லை, அதனால் ஜால்ரா காணாமல் போயிருக்கிறது என்றார் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.  தீர்ப்புச் சொன்ன ஐந்து பேரும் ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள், தம்பி! உன் பெட்டி தோற்கவே இல்லை.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீயும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன். நான் புதுப்பெண்ணாக வந்தபோது என் நாத்தனார்கள் எல்லாம் புருஷன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறைப்படுவார்கள். எனக்கு மட்டும் அந்தக் குறை கிடையாது. நான் கீரை ஆய்ந்துகொண்டே ஏதாவது சொன்னால்கூட, கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா! ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமும் அவர் பார்த்தது என்னையா, என் உதட்டையா? பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதேன். வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டுவிட்டேன். "இன்னா கேள்வி இது, மூஞ்சியப் பாக்காம உதட்ட மட்டும் எப்படிப் பாக்கிறது?" என்று எரிந்து விழுந்தார். எனக்கு அது போதும். மற்றொரு பக்கம், நான் சொன்னால் இவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்று அண்டை அயலிலெல்லாம் புலம்பித் தீர்த்தேனே, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

காதில் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கிறது. அதுவும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தானாம், குறைந்த சத்தத்தை மட்டும் கூட்டிக் கொடுக்குமாம். அதை வைத்துக்கொண்டு முதல் நாள் பழைய பெட்டியில் அந்தப் பஜனை ரெக்கார்டைப் போட்டார். போட்ட நிமிஷம் சூடு பட்டவர் போலக் கையை உதறிக்கொண்டு திருகைப் பிடித்தார். நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தினி நாளா இப்படியா கேட்டுச்சு உனக்கு? எப்படிடி பொறுத்த?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு பொறுத்தேன் என்றேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த உன் பெட்டியைத் தானே இறக்கினார். ஒயரை மாற்றி இணைக்கக் கலியபெருமாள் மாமாவைக்கூடக் கூப்பிடவில்லை. ஜால்ரா வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ரெக்கார்டு முடிகிற வரைக்கும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தம்பி. அவர் கண்ணை மூடிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அதற்காகப் பழையதைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று நினைக்காதே. நான் இப்போது அந்தப் பெட்டியோடு சமாதானமாகிவிட்டேன். அதைச் செய்த ஜப்பான்காரன், இதை வாங்கப்போகிறவன் எப்படிப்பட்டவனோ, அவன் காது எப்படியோ, அவன் வீட்டுச் சுவர் எப்படியோ என்று நினைத்திருக்கிறான். அதனால் கூட்டவும் குறைக்கவும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டான். உன் அப்பா யாருக்கும் தெரியாமல், தனக்கே தெரியாமல், அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பாட்டு கேட்டிருக்கிறார். ஊரில் எல்லாரும் பழசை விடமாட்டேன் என்கிறார்களே, மற்றவர்கள் காரணம் எனக்குத் தெரியாது, இவர் காரணம் இது. உன்னுடையது உள்ளதை உள்ளபடி சொல்கிறது. அது நல்ல குணம்தான். ஆனால் எதிரில் இருக்கிறவன் அதை வாங்கிக்கொள்கிற நிலையில் இருக்கிறானா என்று அது பார்ப்பதில்லை. நீயும் கொஞ்சம் அப்படித்தான். நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறவளிடம் நான் சரியாகத்தான் சொன்னேன், அவளுக்குத்தான் புரியவில்லை என்று வாதாடாதே. அவளுக்கு எட்டியதா என்று பார். எட்டாவிட்டால் கொஞ்சம் திருகிச் சொல். புத்திமதி இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

முக்கியமானதை இப்போது சொல்கிறேன். போன வாரம் அப்பா ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு அவன் போன்ல இன்னா சொன்னான்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. எந்த அன்றைக்கு என்றேன். "சண்டைக்கு அப்புறம் நீ குடுத்தியே. அவன் பேசினான், ஒண்ணும் புரியல. திட்டறான்னு நெனச்சேன். நீ பக்கத்துல நிக்கற, கேக்கலன்னு சொல்லவும் வாய் வரல. அதான் உங்கிட்ட குடுத்துட்டேன்" என்றார். என் தலையில் இடி விழுந்தது. நீ மன்னிப்புக் கேட்டது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை! நீயோ அவர் மதிக்கவில்லை என்று இருக்கிறாய், அவரோ நீ திட்டினாய் என்று இருக்கிறார். "மன்னிச்சிடுங்கப்பா, கோவத்துல பேசிட்டேன்னு சொன்னான்" என்றேன்.  அவர் என் முகத்தைப் பார்த்து அதை வாங்கிக்கொண்டார். மெஷின் காதில் இருந்தும் மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டினதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, மில்லை மூடின அன்றைக்குக்கூட அழவில்லை.

உடனே உன்னைப் போனில் கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். இந்த மெஷின் பாதிதான் கொடுக்கிறது, மீதியை ஆள் முகத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, போனில் முகம் இல்லை என்றார். பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசலாமே என்றேன். அதில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் வரும் என்றார். "நேர்ல போறேன். கல்யாணத்துக்குப் போறேன். அவன் சொன்னது நெசம்தான்னு நான் அவங்கிட்ட சொல்லணும். அவன் இன்னா சொல்றானோ அதையும் கேக்கணும்" என்றார். நேற்று காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் எடுக்கச் சொல்லிக் கூட்டிப்போனார். ஆகவே சித்திரையில் உன் கல்யாணத்துக்கு நான் தனியாக வரவில்லை. இருவரும் வருகிறோம். இனி வேண்டாம் என்று நீ சொன்னாலும் அவர் நிற்கமாட்டார்.

நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் ஆற்றங்கரையில் நின்று எடுத்து அனுப்பிய போட்டோவை மேஜை மேல் வைத்துக்கொண்டு இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் விரலை உன் முகத்தில் வைத்தார். அங்கே போய் நீ காடாக வளர்த்துவைத்திருக்கிறாயே, வாயே தெரியாமல், அந்தத் தாடி மீசையின் மேல். "இத எடுத்துடச் சொல்லி எழுது" என்றார். நன்றாகத்தானே இருக்கிறது, அந்த ஊர்ப் பழக்கம், பிள்ளையை எதற்கு வற்புறுத்த வேண்டும் என்று நான் உனக்காகப் பேசினேன். அவர் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழகுக்குச் சொல்லலடி. அவன் எதிர்ல வந்து நின்னு அப்பான்னு கூப்பிட்டா, எனக்குத் தெரிய வேணாமா?"

எடுத்துவிடு, ராசா.